எட்டு ஓமும் நான்கு ஓமும் ஒரே ரிசீவரில்

கேள்வி: எங்கள் ஹாலில் ஸ்டீரியோ ரிசீவரும் 8 ஓம் ஸ்பீக்கர் ஒரு ஜோடியும் இருக்கின்றன. பழைய மினி சிஸ்டம் பழுதாகிவிட்டதால் அதன் 4 ஓம் பாக்ஸ் இரண்டும் சும்மா கிடக்கின்றன. அவற்றைச் சாப்பாட்டு அறையில் மாட்டி இதே ரிசீவரில் சேர்க்கலாமா? ஒரு கடைக்காரர் "தாராளமா போடலாம் சார்" என்கிறார். இன்னொருவர் "ஓம் மேட்ச் ஆகலைன்னா செட் எரிஞ்சிடும்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. 8 ஓம் ஜோடியை ஏ டெர்மினலிலும் 4 ஓம் ஜோடியை பி டெர்மினலிலும் மாட்டி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் ஒலிக்கவிடுவதில் பெரும்பாலான ரிசீவர்களில் சிக்கல் இல்லை. 4 ஓமுக்கு அனுமதி உண்டு என்று பின்பக்கத்தில் அச்சிட்டிருந்தால் போதும். ஆனால் ஏ, பி இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்தாதீர்கள். வீட்டுக்கு வாங்கும் ரிசீவர்களில் மிகச் சிலவே அந்தச் சுமையைத் தாங்கும்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிட வேண்டும். "மேட்ச் ஆகவில்லை" என்று சொல்லும்போது, 8, 4 என்று எண்கள் வேறுபடுவதுதான் ஆபத்து என்ற எண்ணம் வந்துவிடுகிறது. வேறுபாட்டால் ஆம்ப்ளிஃபையருக்கு எந்தக் கெடுதலும் இல்லை. ஒரு சேனலில் மாட்டிய ஸ்பீக்கர்கள் எல்லாம் சேர்ந்து மொத்தமாக எத்தனை ஓம் ஆகின்றன, அந்த மொத்தம் ரிசீவர் தாங்கும் எல்லைக்குக் கீழே போகிறதா என்பது ஒன்றே அதற்குப் பொருட்டு. ஒரே மாதிரியான 4 ஓம் ஸ்பீக்கர் இரண்டைப் பேரலலாக மாட்டினால் எண்கள் அழகாகப் பொருந்துகின்றன. ஆனால் மொத்தம் 2 ஓமாகிவிடுகிறது. உங்கள் 8, 4 கூட்டணியைவிட அது மோசம்.

இன்னொரு ஸ்பீக்கரைச் சேர்த்தால் ஓம் கூடத்தானே வேண்டும், ஏன் குறைகிறது என்று கேட்பவர்கள் உண்டு. மொட்டை மாடித் தொட்டியிலிருந்து ஒரு குழாய் வழியாக வரும் தண்ணீரையும் இரண்டு குழாய் வழியாக வரும் தண்ணீரையும் நினைத்துப் பாருங்கள். வழி கூடினால் ஓட்டம் கூடும், தடை குறையும். பேரலல் இணைப்பில் இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே வோல்டேஜ் கிடைக்கிறது. இரண்டும் தனித்தனியே கரண்டை இழுக்கின்றன. அந்த இரண்டு கரண்டையும் சேர்த்துத் தர வேண்டியது ஒரே ஆம்ப்ளிஃபையர் சேனல்.

கணக்கு எளிது. இரண்டு எண்களையும் பெருக்கி, வரும் விடையை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் மொத்த ஓம் கிடைக்கும். 8-உம் 8-உம் என்றால் 64-ஐ 16-ஆல் வகுக்க 4 ஓம். 8-உம் 6-உம் என்றால் ஏறத்தாழ 3.4 ஓம். உங்கள் 8-உம் 4-உம் என்றால் 32-ஐ 12-ஆல் வகுக்க 2.67 ஓம்.

இது ரிசீவரை என்ன செய்யும்? பாட்டின் உச்சத்தில் ஆம்ப்ளிஃபையர் 20 வோல்ட் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 8 ஓம் மட்டும் இருந்தால் 2.5 ஆம்பியர் ஓடும், 50 வாட் ஆகும். 4 ஓம் மட்டும் என்றால் 5 ஆம்பியர், 100 வாட். இரண்டும் சேர்ந்தால் 7.5 ஆம்பியர், 150 வாட். வால்யூம் குமிழ் இருந்த இடத்தில்தான் இருக்கிறது, ஆனால் கரண்ட் மூன்று மடங்காகிவிட்டது. அவுட்புட் டிரான்சிஸ்டர்களில் உண்டாகும் சூடும் அதே அளவில் ஏறும். டிரான்ஸ்ஃபார்மர், ரெக்டிஃபையர், ஹீட் சிங்க் மூன்றும் அதைத் தாங்கும் அளவில் செய்யப்பட்டிருந்தால்தான் செட் பிழைக்கும். இவற்றில் டிரான்ஸ்ஃபார்மரும் ஹீட் சிங்க்கும் ஒரு ஆம்ப்ளிஃபையரில் விலை கூடிய பாகங்கள். அதனால் விலை குறைந்த ரிசீவர்களில் கம்பெனிகள் முதலில் கை வைப்பதும் இவற்றில்தான்.

எனவே கடைக்காரரைக் கேட்பதற்கு முன் ரிசீவரைத் திருப்பிப் பாருங்கள். ஸ்பீக்கர் டெர்மினலுக்குப் பக்கத்திலேயே இரண்டு வரிகள் அச்சிட்டிருக்கும். "ஏ அல்லது பி" என்ற வரியில் ஒரு எண், "ஏ + பி" என்ற வரியில் இன்னொரு எண். இரண்டாவது எண் பெரும்பாலும் முதலாவதைப்போல இருமடங்காக இருக்கும். ஏ அல்லது பி 4 ஓம், ஏ + பி 8 ஓம் என்று போட்டிருந்தால், இரண்டு ஜோடியும் ஒன்றாக ஒலிக்கும்போது ஒவ்வொரு ஸ்பீக்கரும் குறைந்தது 8 ஓம் இருக்க வேண்டும் என்று பொருள். மொத்தம் 8 ஓம் வர வேண்டும் என்பதல்ல. இந்த இடத்தில் பலர் குழம்புகிறார்கள். சில எளிய ரிசீவர்களில் ஏ + பி வரியில் 16 ஓம் என்றே இருக்கும். அப்படிப்பட்ட செட்டில் 8 ஓம் ஜோடி இரண்டைக்கூடச் சேர்த்து ஒலிக்கவிடக் கூடாது.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. சில ரிசீவர்களில் ஏ, பி இரண்டையும் அழுத்தினால் உள்ளே இரண்டு ஜோடியும் சீரிஸாக மாறிவிடும். அப்போது 8-உம் 4-உம் 12 ஓம் ஆகும், சுமை குறையும். உங்களுடையது எந்த வகை என்று கையேட்டில் இருக்கும். கையேடு இல்லையென்றால் பி-யில் எதையும் மாட்டாமல் இரண்டு பொத்தானையும் அழுத்திக் குறைந்த ஒலியில் பாருங்கள். ஏ ஸ்பீக்கரும் மௌனமாகிவிட்டால் அது சீரிஸ் வகை. தொடர்ந்து பாடினால் பேரலல்.

அடுத்து, ஸ்பீக்கரில் எழுதியிருக்கும் ஓமை எவ்வளவு நம்பலாம்? 8 ஓம் என்பது ஒரு பெயரளவு எண். ஓமில் சொல்லும் அந்தத் தடை, அதாவது இம்பீடன்ஸ், பாட்டின் அலைவரிசைக்குத் தக்கபடி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். 8 ஓம் பாக்ஸ் ஒன்று வூஃபரின் அதிர்வு உச்சத்தில் 30 ஓமைத் தொடலாம், வேறொரு இடத்தில் 6.5-க்கு இறங்கலாம். பெயரளவு எண்ணில் 80 சதவீதத்துக்குக் கீழே எங்கும் இறங்கக் கூடாது என்பது சர்வதேச மின்தொழில்நுட்பத் தர விதி. 8 ஓம் என்றால் 6.4, 4 ஓம் என்றால் 3.2. எல்லாத் தயாரிப்பாளர்களும் இதைப் பின்பற்றுவதில்லை. விதியைப் பின்பற்றிய ஸ்பீக்கர்களாகவே இருந்தாலும், உங்கள் 2.67 ஓம் கூட்டணி சில அலைவரிசைகளில் 2.1 ஓம் வரை இறங்க இடமுண்டு. தவில் அடி விழும்போதும் பேஸ் கிடார் ஓங்கும்போதும் ரிசீவர் சந்திப்பது அந்தச் சிறிய எண்ணாக இருக்கலாம்.

பழைய மினி சிஸ்டம் பாக்ஸ்களில் ஸ்டிக்கர் உரிந்து போயிருக்கும். ஹோம் தியேட்டர் செட்டோடு வந்த சிறிய ஸ்பீக்கர்களில் 3 ஓம் வகைகூட உண்டு, அதனால் ஊகத்தில் மாட்ட வேண்டாம். ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். ரிசீவரிலிருந்து ஒயரைக் கழற்றிவிட்டு, மீட்டரை 200 ஓம் அளவில் வைத்து, முதலில் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். விலை குறைந்த மீட்டரில் 0.3, 0.5 என்று ஏதாவது காட்டும். அது மீட்டர் ஒயரின் தடை, கழித்துக்கொள்ளுங்கள். பிறகு ஸ்பீக்கரை அளந்தால் பெயரளவு எண்ணைவிடக் கொஞ்சம் குறைவாகவே வரும், ஏனென்றால் மீட்டர் அளப்பது காயிலின் நேர் மின்தடையை மட்டும். ஐந்தரை முதல் ஏழு வரை காட்டினால் அது 8 ஓம் ஸ்பீக்கர். நாலேகால் முதல் ஐந்து வரை என்றால் 6 ஓம். மூன்று முதல் மூன்றே முக்கால் வரை என்றால் 4 ஓம். மூன்றுக்கும் கீழே காட்டினால் அந்தப் பாக்ஸை இந்த ரிசீவரில் மாட்டும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

"மெல்லிய ஒலியில் கேட்டால் என்ன?" என்ற கேள்வி இங்கே வரும். சாப்பிடும்போது பின்னணியில் ஒலிக்கும் பாட்டுக்கு ஒரு வாட்கூடச் செலவாவதில்லை. அந்த அளவில் 2.67 ஓம் சுமையில் பல ரிசீவர்கள் ஆண்டுக்கணக்கில் ஓடியிருக்கின்றன, அது உண்மைதான். ஆனால் ரிமோட் வீட்டில் எல்லோர் கையிலும் இருக்கிறது. பொங்கலுக்கோ பிறந்தநாளுக்கோ யாரோ ஒருவர் குமிழைத் திருகும் அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் நான் வேண்டாம் என்கிறேன். சித்திரை வெயிலில் அறையே 38 டிகிரியில் இருக்கும்போது ஹீட் சிங்க்குக்குச் சூட்டைக் கடத்த வழி ஏது? அதிலும் கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் ரிசீவர் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

இப்போது ஒலி அளவு. ஆம்ப்ளிஃபையர் தாங்கினாலும் இரண்டு அறையிலும் ஒரே அளவு சத்தம் வராது. ஒரே வோல்டேஜில் 4 ஓம் ஸ்பீக்கர் இருமடங்கு வாட் இழுக்கும், அதனால் அதுதான் சத்தமாக ஒலிக்கும் என்று தோன்றும். அப்படிக் கட்டாயம் இல்லை. அதைத் தீர்மானிப்பது சென்சிட்டிவிட்டி. 2.83 வோல்ட் கொடுத்து ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் வருகிறது என்று அளக்கும் எண் அது. உங்கள் 8 ஓம் ஜோடி 90 டெசிபல், 4 ஓம் ஜோடி 86 டெசிபல் என்றால், பாதி மின்சாரத்தை எடுத்துக்கொண்டு ஹால் ஸ்பீக்கர்தான் ஓங்கி ஒலிக்கும். ஒரு பொத்தானால் இதைச் சரிசெய்ய முடியாது, சாப்பாட்டு அறைக்குத் தனி வால்யூம் வேண்டும். நான் கீழே சொல்லப்போகும் வழியை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பி டெர்மினலை மறந்துவிட்டு, சாப்பாட்டு அறைக்கென்று ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர் வாங்குங்கள். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ3116 சிப்பில் செய்த சிறிய கிளாஸ் டி ஆம்ப்ளிஃபையர்கள் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் ஆன்லைனிலும் கிடைக்கின்றன. 4 ஓம் ஸ்பீக்கரை ஓட்டும் வகையில் வடிவமைத்த சிப் அது. 24 வோல்ட் அடாப்டரில் இயங்கும், உள்ளங்கை அளவுதான். ரிசீவரின் பின்னால் ரெக் அவுட் அல்லது டேப் அவுட் இருந்தால் அங்கிருந்து ஒரு ஆர்சிஏ கேபிள் இதற்கு. அந்த அவுட்புட்டின் அளவு ரிசீவரின் வால்யூமோடு மாறாது. ஹாலில் குறைத்தாலும் சாப்பாட்டு அறையில் குறையாது, சின்ன ஆம்ப்ளிஃபையரின் குமிழ்தான் அந்த அறையை ஆளும். ப்ரீ அவுட்டில் எடுத்தால் ரிசீவரின் குமிழுக்கு இரண்டு அறையும் சேர்ந்து ஏறி இறங்கும். எது வேண்டும் என்பது உங்கள் வீட்டுப் பழக்கத்தைப் பொறுத்தது. வாங்குவதற்கு முன், நீங்கள் வழக்கமாகப் பாட்டுப் போடும் இன்புட்டின் ஒலி அந்த அவுட்புட்டில் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். பல ரிசீவர்களில் டிஜிட்டல் இன்புட்டின் ஒலி ரெக் அவுட்டில் வராது.

சின்ன ஆம்ப்ளிஃபையரை ரிசீவருக்குப் பக்கத்திலேயே வைத்து, நீளமான ஓட்டத்தை ஸ்பீக்கர் ஒயரில் கொடுங்கள். ஆர்சிஏ கேபிளை அறை விட்டு அறை இழுத்தால் ஹம் புகுந்துவிடும். இன்னொன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த வகை ஆம்ப்ளிஃபையரில் இடது, வலது இரண்டின் மைனஸ் முனைகளையும் ஒருபோதும் ஒன்றாகச் சேர்க்கக் கூடாது. உள்ளே ஒவ்வொரு சேனலும் பிரிட்ஜ் முறையில் இயங்குவதால், மைனஸ் என்று எழுதிய முனையிலும் சிக்னல் இருக்கும். செலவை மிச்சம் பிடிக்க மூன்று கோர் ஒயர் இழுத்து மைனஸைப் பொதுவாக்கும் எலக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள். நான்கு கோர் வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

புதிய ஆம்ப்ளிஃபையர் வேண்டாம் என்றால் அடுத்து நான் பரிந்துரைப்பது இம்பீடன்ஸ் மேட்சிங் வால்யூம் கன்ட்ரோல். சுவரில் பொருத்தும் இந்தக் குமிழுக்குள் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும், இருமடங்கு, நான்கு மடங்கு என்று தேர்ந்தெடுக்கலாம். நான்கு மடங்கில் வைத்தால் உங்கள் 4 ஓம் பாக்ஸ் ஆம்ப்ளிஃபையருக்கு 16 ஓமாகத் தெரியும். 8 ஓமோடு பேரலலில் சேர்ந்தால் மொத்தம் 5.3 ஓம். அந்த அறையில் ஒலி 6 டெசிபல் குறையும், சாப்பாட்டு அறைக்கு அது போதும். ஆனால் ஒன்று: பின்பக்கத்தில் ஏ + பி 16 ஓம் என்று கேட்கும் செட்டுக்கு இதுவும் போதாது.

சீரிஸ் இணைப்பைப் பலர் சுலபமான தீர்வாகச் சொல்வார்கள். 8-உம் 4-உம் சீரிஸில் 12 ஓம், ஆம்ப்ளிஃபையருக்கு மிகப் பாதுகாப்பு. காதுக்குத்தான் நல்லதல்ல. ஒவ்வொரு அலைவரிசையிலும் எந்த ஸ்பீக்கருக்கு இம்பீடன்ஸ் அதிகமோ அதற்கே வோல்டேஜின் பெரும்பங்கு போகும். ஒன்றின் வூஃபர் 30 ஓமுக்கு ஏறும் இடத்தில் மற்றொன்றுக்கு மிச்சம் மீதிதான் கிடைக்கும். இரண்டு பாக்ஸின் தொனியும் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும், பேஸ் தளர்ந்து ஒலிக்கும். ஒரே மாடல் ஸ்பீக்கர்களை மட்டும் சீரிஸில் போடுங்கள். வெவ்வேறு மாடல்களை வேண்டாம்.

4 ஓம் பாக்ஸோடு 4 ஓம் செராமிக் ரெசிஸ்டர் ஒன்றைச் சீரிஸில் சேர்த்து 8 ஓமாக்கிக்கொள்ளும் வழக்கமும் இருக்கிறது. ஆம்ப்ளிஃபையர் தரும் மின்சாரத்தில் பாதி ரெசிஸ்டரில் சூடாகப் போகும். மேலே சொன்ன 20 வோல்ட் கணக்கில் அந்த ரெசிஸ்டர் மட்டும் 25 வாட்டைத் தாங்க வேண்டும். திரைச்சீலை, தெர்மோகோல், மர பாக்ஸின் உட்புறம் எதற்கும் பக்கத்தில் அதை வைக்க முடியாது. நான் யாருக்கும் இதைப் பரிந்துரைப்பதில்லை.

சில ரிசீவர்களில் 8 ஓம், 4 ஓம் என்று தேர்ந்தெடுக்க ஒரு ஸ்விட்சோ மெனுவோ இருக்கும். அதை 4-க்கு மாற்றினால் ரிசீவருக்கு வலு கூடிவிடும் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலான செட்களில் அது உள்ளிருக்கும் சப்ளை வோல்டேஜைக் குறைத்து, அதன் மூலம் சூட்டைக் கட்டுக்குள் வைக்கிறது. உச்சபட்ச வாட் குறையும், உரத்த இடங்களில் ஒலி சீக்கிரமே சிதறும். கையேடு சொல்கிறபடி வையுங்கள். அந்த ஸ்விட்சை நம்பி 2.67 ஓமை மாட்டுவது மட்டும் கூடாது.

இடது பக்கம் ஒரு ஓம், வலது பக்கம் வேறு ஓம் என்று மாட்டலாமா என்றும் கேட்பதுண்டு. மின்சாரக் கணக்கில் தவறில்லை, ஒவ்வொரு சேனலும் தனி ஆம்ப்ளிஃபையர். பாட்டு ஒருபக்கமாகச் சாயும், தொனியும் வேறுபடும், அவ்வளவுதான். ஏவி ரிசீவரில் முன்னால் 6 ஓம், பின்னால் 8 ஓம் என்று வைப்பதும் இதே கணக்குதான். தாராளமாக வைக்கலாம், கூடவே தரும் மைக்கைக் கொண்டு ரிசீவரே ஒலி அளவைச் சரிசெய்துகொள்ளும்.

மைக் செட் கடையில் பழைய தூண் வடிவ (காலம்) ஸ்பீக்கரோ குழாய் ஸ்பீக்கரோ விலை மலிவாகக் கிடைத்தால் வாங்குவதற்கு முன் உள்ளே 100 வோல்ட் லைன் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதா என்று பாருங்கள். 10 வாட் என்று குறித்த அத்தகைய ஸ்பீக்கர் ஏறத்தாழ 1000 ஓமாக இருக்கும். வீட்டு ரிசீவரில் மாட்டினால் ஈனக்குரல்தான் வரும். வால்வ் ஆம்ப்ளிஃபையர் வைத்திருப்பவர்களுக்கு விதியே வேறு. ஸ்பீக்கரின் ஓமுக்குப் பொருந்தும் டேப்பில்தான் மாட்ட வேண்டும், ஸ்பீக்கர் இல்லாமல் அதை ஆன் செய்யவே கூடாது.

ஒயர் பற்றிக் கொஞ்சம். 4 ஓம் ஸ்பீக்கருக்கு ஒயரின் தடை 0.2 ஓமைத் தாண்டாமல் இருப்பது நல்லது. சாப்பாட்டு அறை 15 மீட்டர் தூரம் என்றால் போக வர 30 மீட்டர் செம்பு. 1 ஸ்கொயர் எம்.எம். ஒயரில் அது அரை ஓம் ஆகும், 2.5 ஸ்கொயர் எம்.எம். போட்டால் 0.2 ஓம். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய ஒயர் கடையில் பளபளப்பாகவும் மலிவாகவும் இருக்கும், தடை அதில் கூடுதல். முனையைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அதுதான். ரிசீவரை ஆஃப் செய்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாட்டுங்கள். முனையில் ஒரு இழைகூட வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்து டெர்மினலைத் தொடக் கூடாது. இம்பீடன்ஸ் குறைந்து எரியும் செட்களைப்போலவே, அந்த ஒரு இழையால் ஷார்ட் ஆகி எரியும் செட்களும் உண்டு.

வீட்டு மின்சார ஒயர் போகும் பைப்பிலேயே ஸ்பீக்கர் ஒயரையும் இழுக்கக் கூடாது. சுவரில் ஸ்பீக்கருக்காக 5 ஆம்பியர் சாக்கெட் வைக்கும் பழக்கத்தையும் தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். அழகாக இருக்கும், சுவிட்ச் போர்டோடு ஒத்துப்போகும். ஆனால் ஸ்பீக்கர் ஒயரின் முனையிலும் அதற்கேற்ற பிளக் வந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்த யாரோ ஒருவர், அல்லது ஒரு குழந்தை, அதைப் பக்கத்தில் இருக்கும் 230 வோல்ட் சாக்கெட்டில் செருகிவிட முடியும். ஸ்பீக்கருக்கென்றே பைண்டிங் போஸ்ட் பொருத்திய சுவர்த் தட்டுகள் கிடைக்கின்றன, அவற்றைக் கேட்டு வாங்குங்கள்.

எல்லாம் மாட்டிய பிறகு, வழக்கமாகக் கேட்கும் அளவில் அரை மணி நேரம் ஓடவிட்டு ரிசீவரின் மேல்தகட்டைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பு. கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால், அல்லது பேஸ் விழும் இடங்களில் ரிலே "டக்" என்று விழுந்து ஒலி நின்றுபோனால், செட் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது என்று அர்த்தம். உடனே ஆஃப் செய்யுங்கள். ஒரு ஜோடியைக் கழற்றிவிட்டு, ஒயர் முனைகளையும் ஓம் கணக்கையும் மறுபடி பார்க்கும் வரை திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்காதீர்கள்.